பீரோ மேல் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை என்ன செய்வது?

இயக்கத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருந்த எந்தத் தோழர் வீட்டுக்குப் போனாலும் பீரோவுக்கு மேலே ஒரு பை இருக்கும். நான்கைந்து டிவிடி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மினிடிவி கேசட்டுகள், ஒயர் தொலைந்துபோன ஒரு ஹார்ட் டிஸ்க். கேட்டால், "எல்லாம் பத்திரமா இருக்கு தோழர்" என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். திறக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. தேவைப்படும் நாளில்தான் பார்க்கிறோம், அந்த நாள் பெரும்பாலும் வழக்கு நாளாக இருக்கிறது.

பெரிய தொலைக்காட்சிகளுக்கு நூலகம் உண்டு, அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. சினிமாவைக் காப்பாற்ற அரசே 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியது. சேரியில் எடுத்த படத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 1956 டிசம்பரில் மும்பையில் புரட்சியாளர் அம்பேத்கரின் இறுதி ஊர்வலத்தை நாம்தேவ் வட்கர் என்ற கலைஞர் தம் கைக்காசைப் போட்டுப் படம்பிடித்தார். அவர் பிடித்ததால்தான் இன்று நாம் அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறோம். நம் வரலாறு இப்படித் தனி ஆட்களின் கைக்காசிலும் பிடிவாதத்திலும்தான் பதிவாகியிருக்கிறது. வெண்மணியில் 1968-ல் 44 பேர் எரிக்கப்பட்டதை, பிழைத்தவர்களின் வாய்மொழியாகக் கேட்க 2005-ல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' வரவேண்டியிருந்தது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் இறந்ததற்கு ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' இருக்கிறது. இவை வெளிவந்த படங்கள். வெளிவராமல், ஏதோ ஒரு எடிட்டிங் டேபிளில் பாதியில் நின்று டிஸ்க்குக்குள் போன படங்கள் இதைவிடப் பல மடங்கு இருக்கும். நாங்கள் எழுதவருவது அவற்றைப் பற்றி.

போன ஆண்டு எங்கள் கைக்கு அப்படி ஒரு பை வந்தது. காலமான ஒரு தோழரின் மகள் கொண்டுவந்து கொடுத்தார். இருபது ஆண்டுகள் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பகுதியின் ஒவ்வொரு காலனிக்கும் போனவர் அவர். பையில் இரண்டு ஹார்ட் டிஸ்க், 31 மினிடிவி கேசட், அவர் முடித்து வெளியிட்ட ஒரு படத்தின் டிவிடி. "அப்பா இதையெல்லாம் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுவாரு. இப்ப நீங்க தொட்டாத்தான் உண்டு" என்றார்.

அதே வாரம் அந்த டிவிடியில் வரும் ஒரு ஊரிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. காலனியிலிருந்து வாய்க்கால் கரை வழியாகப் பிணம் எடுத்துச் செல்லும் பாதையை ஆதிக்க சாதியினர் வேலிபோட்டு மறித்துவிட்டார்கள். "காலனிக்காரங்க என்னைக்கும் ஏரி உள்வாய் வழியாத்தான் போனாங்க, கரையில போனதே இல்ல" என்று வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில் எழுதிக் கொடுத்தும் விட்டார்கள். அமைதிப் பேச்சுவார்த்தையில் அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: போனதற்கு ஆதாரம் என்ன?

ஆதாரம் அந்த டிவிடியில் 11 விநாடி இருக்கிறது. 2009-ல் ஒரு சாவு. பாடை கரையில் போகிறது, முன்னால் பறை. ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதையும் கேளுங்கள்: "இது சினிமா. எங்கயோ எடுத்து எங்கயோ ஒட்டியிருக்காங்க." எடிட் செய்த படத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும். 11 விநாடிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்ட வெட்டாத மூலக் க்ளிப் வேண்டும். அது டிஸ்க்குக்குள் எங்கோ இருக்க வேண்டும்.

முதல் டிஸ்க்கைக் கணினியில் செருகியதும் விண்டோஸ் கேட்டது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? தோழர்களே, இந்தக் கேள்விக்கு ஒருபோதும் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். டிஸ்க் கெட்டுப்போனதால் மட்டும் இது வருவதில்லை. மேக் கணினியில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸால் படிக்க முடியாது, அதனால் காலி டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறது. ஒரு நண்பரின் மேக்கில் போட்டோம், திறந்தது. திறந்ததும் செய்த முதல் வேலை, எதையும் சொடுக்காமல் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு நகல் எடுத்தது. பல ஆண்டு சுழலாத டிஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்த மணி நேரத்தைப் படம் பார்ப்பதில் செலவிடக் கூடாது. பிறகு எல்லா வேலையும் நகலில்தான்.

அதில் இருந்தது பிரீமியரில் செய்த ஒரு ப்ராஜெக்ட். பழைய பிரீமியரில் செய்ததைப் புதிய பிரீமியர் திறக்கும். பழைய ஃபைலை அப்படியே விட்டுவிட்டு வேறு பெயரில் மாற்றி எழுதிக்கொள்ளும். எல்லா மென்பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு என்று நம்பிவிடாதீர்கள். 2011-ல் ஃபைனல் கட் ப்ரோவின் புதிய பதிப்பு வந்தபோது அதனால் பழைய 7-ஆம் பதிப்பின் ப்ராஜெக்டைத் திறக்க முடியவில்லை. 2019-க்குப் பிறகு வந்த மேக் இயங்குதளங்களில் அந்தப் பழைய பதிப்பு ஓடவே ஓடாது. உலகம் முழுக்க அதில் படம் எடுத்தவர்கள் பழைய கணினியைத் தேடி, அதில் திறந்து, எக்ஸ்எம்எல் ஆக வெளியே எடுத்துத்தான் மற்ற மென்பொருள்களுக்குக் கொண்டுபோனார்கள். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால், பழைய மேக் ஒன்று உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

எங்கள் ப்ராஜெக்ட் திறந்தது. திறந்தவுடன் டைம்லைன் முழுவதும் சிவப்பு. 'மீடியா ஆஃப்லைன்' என்று பல மொழிகளில் எழுதிய சிவப்புத் திரை. (அந்தப் பல மொழிகளில் தமிழ் கிடையாது.) புதிதாக வேலை பழகும் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் எல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். எங்களோடு இருந்த மாணவர் ஒருவர் முகம் வெளுத்துப்போனார்.

அழியவில்லை. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் படமே கிடையாது, என்றைக்கும் இருந்ததும் இல்லை. எந்த க்ளிப்பை எங்கே வெட்டி எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். க்ளிப் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு முகவரி எழுதி வைத்திருக்கும், அவ்வளவுதான். முகவரியில் ஆள் இல்லையென்றால் சிவப்பு. டிஸ்க்கின் பெயர் மாறினாலோ, விண்டோஸில் ஜி என்றிருந்த எழுத்து ஹெச் என்று வந்தாலோ, ஃபோல்டருக்கு யாராவது பெயர் மாற்றினாலோ கூடச் சிவப்பு. இதனால்தான் 'ப்ராஜெக்டை பென் டிரைவில் காப்பி பண்ணிட்டேன் தோழர்' என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிறு கலங்குகிறது. பென் டிரைவில் வந்தது முகவரிப் புத்தகம் மட்டும்.

ஆனால் அந்த முகவரிப் புத்தகத்தையும் லேசாக நினைக்காதீர்கள். பிரீமியர் ப்ராஜெக்ட் ஃபைல் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்புதான். செவன்-ஸிப் போன்ற ஒன்றால் பிரித்து நோட்பேடில் திறக்கலாம். மென்பொருளே இல்லாவிட்டாலும் படிக்கலாம். நாங்கள் அப்படித்தான் படித்தோம். க்ளிப்புகளுக்குத் தோழர் வைத்திருந்த பெயர்கள் வரிசையாக வந்தன: 'அம்மாயி 1', 'அம்மாயி 2', 'டம்ளர் கடை', 'தொட்டி மேல ஏறுன பையன்', 'கரை சாவு', 'பேச மாட்டேன்னவங்க'. படம் ஒன்றுகூடக் கண்ணில் படாத நிலையில், அவர் யாரையெல்லாம் பார்த்தார், யார் பேசினார்கள், யார் பேச மறுத்தார்கள் என்ற பட்டியல் கிடைத்துவிட்டது. படங்கள் தொலைந்தே போயிருந்தாலும், என்ன தொலைந்தது என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. நம் மக்களுடைய இழப்புகளில் பலவற்றுக்கு அந்தக் கணக்குக்கூட இல்லை.

'கரை சாவு'தான் எங்களுக்கு வேண்டியது. அதன் ஃபைல் பெயர் 00003.எம்டிஎஸ்.

இங்கேதான் ஆபத்து. அந்தக் காலத்து ஏவிசிஹெச்டி கேமராக்கள் ஒவ்வொரு கார்டையும் 00000 என்ற எண்ணிலிருந்து தொடங்கும். கார்டைக் காலி செய்து மறுபடி போட்டால் மறுபடி 00000. டிஸ்க்கில் ஒன்பது கார்டுகளின் நகல் இருந்தது, ஆகவே 00003.எம்டிஎஸ் என்ற பெயரில் ஒன்பது ஃபைல்கள் இருந்தன. ப்ராஜெக்ட் எழுதி வைத்திருந்த முகவரியில் 'கார்டு 6' என்றிருந்தது. டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. எப்போதோ ஒரு கடையில் பழைய டிஸ்க்கிலிருந்து இதற்கு மாற்றிக் கொடுத்தபோது எல்லாம் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2' என்று ஆகியிருந்தன.

பிரீமியரிடம் தேடச் சொன்னால் தேடும். பெயர் பொருந்துகிறது என்று முதலில் கண்ணில் படுவதை எடுத்து நீட்டும். ஒப்புக்கொண்டால் சிவப்பு மறைந்து படம் வந்துவிடும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். எங்களுக்கு வந்த படத்தில் வேறு ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாடை வரவேண்டிய இடத்தில் மைக் பிடித்து ஒருவர் பேசுகிறார். இது கண்ணுக்குத் தெரியும் தவறு, சிரித்துவிட்டு நகர்ந்தோம். 'அம்மாயி 1' இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஊர் அம்மாயி வந்து உட்கார்ந்திருந்தால்? முகம் தெரியாத மாணவர் ஒருவர் அதை அப்படியே ஏற்றுமதி செய்து, கீழே முதல் ஊரின் பெயரையும் போட்டு வெளியிட்டால்? ஒரு பெண் சொல்லாத சாட்சியத்தை அவர் வாயில் வைத்தாயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்தால், சொன்ன சாட்சியமும் சேர்ந்து போய்விடும். சிவப்புத் திரை பரவாயில்லை தோழர்களே, அது இல்லையென்று நேர்மையாகச் சொல்கிறது. தவறான ஃபைலோடு சேர்ந்த டைம்லைன் பொய் சொல்கிறது. சுடுகாட்டுப் பாதை வழக்குக்குக் கொண்டுபோகும் படத்தில் அது நடக்கக் கூடாது.

ஆகவே தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்தோம். க்ளிப் சிவப்பாக இருந்தாலும் அதன் முழு நீளம் எவ்வளவு என்பதை ப்ராஜெக்ட் நினைவில் வைத்திருக்கும். 'கரை சாவு' 6 நிமிடம் 40 விநாடி. ஒன்பது 00003-களில் இந்த நீளம் உள்ளது ஒன்றுதான். டைம்லைனில் அது 4-ஆவது நிமிடத்துக்கு மேல் 11 விநாடி வெட்டப்பட்டிருந்தது. அந்த இடத்துக்குப் போய் நிறுத்தி, டிவிடியில் உள்ள அதே ஃபிரேமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பாடையின் இடது மூலையைப் பிடித்திருப்பவரின் துண்டு, பின்னால் ஒற்றைப் பனை, எல்லாம் ஒன்று.

முழுக் க்ளிப்பையும் ஓடவிட்டோம். காலனி மாரியம்மன் கோயில் வாசலில் தொடங்குகிறது. கேமராவை நிறுத்தாமல் தோழர் கூடவே நடந்திருக்கிறார். தெரு முனை, மதகு, வாய்க்கால் கரை, பனை, சுடுகாட்டுக் கொட்டகை. வெட்டே இல்லாமல் ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஒரு பாதை. எதற்காக அவ்வளவு நேரம் நிறுத்தாமல் எடுத்தார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். படத்துக்கு 11 விநாடி போதும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? இந்தப் பாதை ஒருநாள் மறிக்கப்படும் என்று தெரிந்தேதான் நடந்திருப்பார் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். அவரிடம் கேட்க முடியாது.

தேதி அடுத்த சிக்கல். ஃபைலின் மேல் வலது சொடுக்கு செய்து பார்த்தால் வரும் தேதி பெரும்பாலும் நகல் எடுத்த தேதி, படம் எடுத்த தேதி அல்ல. எம்டிஎஸ் ஃபைலுக்கு உள்ளேயே கேமரா எழுதிய நாளும் நேரமும் தனியாக இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதைப் படித்துச் சொல்லும். எங்களுக்கு 2009 என்று வந்தது. நேரம் மட்டும் அதிகாலை 4 மணி என்றிருந்தது, படத்தில் வெயில் அடிக்கிறது. கேமரா கடிகாரத்தில் ஏஎம், பிஎம் மாறியிருக்கிறது. இதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொன்னோம். மறைத்தால் குறுக்கு விசாரணையில் அதுவே பெரிதாகும். கூடவே இன்னொன்றையும் காட்டினோம்: மதகுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் இறந்த நாள் அச்சாகியிருக்கிறது. இறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறது.

'அம்மாயி' க்ளிப்புகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டி 35 நிமிடம் தொடர்ந்து பேசியிருக்கிறார். கேமரா ஒரு ஃபைல் குறிப்பிட்ட அளவை எட்டியதும் தானாகவே அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும். ஆகவே அவர் பேச்சு மூன்று துண்டாக இருக்கிறது. கார்டின் ஃபோல்டர்களை அப்படியே, 'பிரைவேட்' என்பதிலிருந்து உள்ளே உள்ள அத்தனையோடும் நகலெடுத்திருந்தால் மென்பொருள் மூன்றையும் ஒரே க்ளிப்பாகக் காட்டும். கடையில் இந்தக் கார்டுக்கு எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள். தனித்தனியாக டைம்லைனில் வைத்தால் சேரும் இடத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி விழுங்கப்படுகிறது. பாட்டி சொல்கிறார்: "அன்னைக்கு எங்கள மறிச்சு நின்னது யாருன்னா..." சரியாக அந்த இடத்தில் பெயரின் முதல் எழுத்துகள் இல்லை.

எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, மூன்று ஃபைல்களையும் கமாண்ட் ப்ராம்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே ஃபைலாக்கினோம். விண்டோஸில் 'காப்பி' கட்டளையில் 'பி' சேர்த்துக் கொடுத்தால் போதும். பிறகு திறந்தால் பெயர் முழுதாகக் கேட்டது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஒலி பற்றி இன்னொரு எச்சரிக்கை. இந்தக் கேமராக்களின் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி-3 வடிவம். சில மென்பொருள்கள் படத்தைத் திறக்கும், ஒலியைத் திறக்காது. 'ஆடியோ ரெக்கார்ட் ஆகல போல' என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். விஎல்சியில் போட்டுக் கேளுங்கள். அங்கே கேட்டால், எஃப்எஃப்எம்பெக் கொண்டு படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பிசிஎம் ஆக மாற்றிய ஒரு நகலை எடுத்து வேலை செய்யுங்கள்.

கேசட்டுகள் தனிக் கதை. ஒரு மணி நேர மினிடிவி கேசட்டைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணி நேரமே ஆகும், வேகமாக்க வழியில்லை. ஏறக்குறைய 13 ஜிபி வரும். கேமராவும் ஓட வேண்டும், ஃபயர்வயர் துளை உள்ள கணினியும் வேண்டும், இரண்டுமே இப்போது கடையில் கிடைப்பதில்லை. 31-ல் 19 ஏற்றியிருக்கிறோம். ஈரம் ஏறிய இரண்டு கேசட்டுகளை ஓட்டவே பயமாக இருக்கிறது.

சட்டப் பக்கத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஷா-256 முறையில் 64 எழுத்துகள் வரும், ஃபைலில் ஒரு துளி மாறினாலும் முற்றிலும் வேறு வரும். ஆகவே மூல ஃபைலை எந்த மென்பொருளிலும் திறக்கும் முன்பே ஹேஷ் எடுத்துவிடுங்கள். பிரீமியரில் 'எக்ஸ்எம்பி ஐடி'யை ஃபைலில் எழுதும் ஒரு அமைப்பு உண்டு. அது இயங்கினால், நீங்கள் ஒன்றும் செய்யாமல் வெறுமனே இறக்குமதி செய்ததற்கே சில வகை ஃபைல்களில் ஹேஷ் மாறிவிடும். அதை அணைத்து வையுங்கள். அதைவிட நல்லது, மூலத்தைக் கிட்டேயே கொண்டுபோகாமல் நகலைத் திறப்பது.

காணொளி கிடைத்தால் நீதி கிடைத்துவிடும் என்று சொல்லவரவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதை சிசிடிவியில் நாடே பார்த்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுதலை செய்தது, ஐந்து பேரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியது யார் என்று கேமரா காட்டும், அனுப்பியது யார் என்று காட்டாது. ஆனால் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015-ல் திருச்செங்கோடு கோயில் சிசிடிவியில் அவர் கடைசியாகக் காணப்பட்ட காட்சி இல்லாமல் அந்த வழக்கு எங்கே நின்றிருக்கும்? உடன் இருந்த முக்கிய சாட்சியே பிறழ்சாட்சியான பிறகும் 2022-ல் தண்டனை வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. பயமுறுத்தினால் ஆட்கள் மாறிப் பேசுவார்கள். ஒழுங்காகப் பாதுகாத்த ஃபைல் மாறாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவின் 10-ஆவது உட்பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான எல்லா நடவடிக்கைகளையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நீதிமன்றங்களில் நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நடந்தால், எந்த வடிவத்தில் வைக்கிறார்கள், பத்தாண்டு கழித்து மேல்முறையீட்டில் திறக்குமா என்றும் சேர்த்தே கேளுங்கள்.

இப்போது ஃபோனில் எடுக்கும் உங்களுக்கு: வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நாள் போன்ற தகவலும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபோன் வீடியோவில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது ஏறி இறங்கும், அதனால் எடிட்டிங்கில் உதடும் குரலும் விலகும். திருத்துவதற்கு ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் விகிதத்துக்கு மாற்றிய நகல் எடுங்கள், மூலத்தை அழிக்காதீர்கள். யூடியூபில் ஏற்றியதை ஆவணம் என்று எண்ணாதீர்கள். அது சுருக்கிய நகல், ஒரு புகாரில் காணாமலும் போகும். படம் முடிந்ததும் பிரீமியரில் ப்ராஜெக்ட் மேனேஜர், கேடன்லைவில் ஆர்கைவ் ப்ராஜெக்ட் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டும் வசதி இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறவர்கள் கவனமாக இருங்கள். அதில் ப்ராஜெக்ட் சாதாரண ஃபைலாக இருக்காது, மென்பொருளின் தரவுத்தளத்துக்குள் இருக்கும். ப்ராஜெக்ட் ஆர்கைவ் என்று தனியாக ஏற்றுமதி செய்யாமல் கணினியை விற்றுவிட்டால் வேலை அதோடு போயிற்று. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ஊர், நாள், எடுத்தவர், கார்டு எண் என்று வையுங்கள். 'பைனல்', 'பைனல் நியூ', 'பைனல் ஒரிஜினல்' என்று வைக்கும் பழக்கத்தை விடுங்கள், உங்களுக்கே நாளைக்குப் புரியாது.

மென்பொருள் திறந்து கொடுத்த பிறகும் பாதி வேலை மிச்சம். படத்தில் இருப்பவர் யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் புரொஜெக்டரை எடுத்துக்கொண்டு அந்தந்தக் காலனிக்கே போகிறோம். 'கரை சாவு' ஓடியபோது ஒரு பெரியவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். "முன்னால அடிக்கிறது எங்கண்ணன்யா. இந்த வேலி போட்டவன் அப்பன் இங்க நிக்கிறான் பாரு, வழிவிட்டு நிக்கிறான்." நாங்கள் அந்த க்ளிப்பை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், மதகு ஓரம் ஒதுங்கி நிற்கும் அந்த மனிதர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னதை அப்போதே மார்க்கராக எழுதினோம், கூடவே தனியாக ஒரு தாளிலும். மென்பொருள் மாறும்.

எல்லாவற்றையும் காட்டுவதில்லை. 2009-ல் அழுதுகொண்டு பேசிய ஒரு சிறுமிக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. அவரிடம் கேட்டோம். "அது இருக்கட்டும் அண்ணா, போட வேண்டாம்" என்றார். இருக்கிறது, போடவில்லை. 'பேச மாட்டேன்னவங்க' ஃபோல்டரில் உள்ளவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறோம். திறக்க முடிந்தது என்பதாலேயே வெளியிடலாம் என்று ஆகிவிடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாதை வழக்கில் க்ளிப், சான்றிதழ், ஹேஷ் மூன்றையும் தாக்கல் செய்துவிட்டோம். அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறோம். வேலி இன்னும் இருக்கிறது. இடையில் ஒரு சாவு விழுந்தது, ஏரி உள்வாய் வழியாகச் சேற்றில்தான் எடுத்துப் போனார்கள். இளைஞர்கள் அதையும் வெட்டாமல் முழுதாகப் படம்பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது டிஸ்க் சுழல்கிறது, சத்தம் வருகிறது, திறக்கவில்லை. மீட்டுத் தரும் இடங்களில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம். மிச்சமுள்ள 12 கேசட்டுகளுக்கு, நன்றாக ஓடும் மினிடிவி கேமராவும் ஃபயர்வயர் கேபிளும் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாங்களே வந்து வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் கொண்டுவந்து தந்துவிடுகிறோம்.